எம்.பி.கிட்ட டயாலிசிஸ் மெஷின் கேக்கறதா, ஆராய்ச்சிக்குக் காசு கேக்கறதா? – காரணம் தெரியாத சிறுநீரக நோய், பவானி–அந்தியூர்–கோபி

கீழ்பவானி_மேட்டாங்காடு
திங்கள், இரவு 8:40

வணக்கமுங்க. நேரா விசயத்துக்கு வந்தர்றேன்.

சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, வயசு நாப்பத்தஞ்சுக்குள்ள. ரத்தத்துல கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேத்த வேண்டிய கழிவு) மட்டும் ஏறிக்கிட்டே போகுது. கரும்பு வெட்டறவங்க, ஆலைக்கொட்டாயில பாகு காய்ச்சறவங்க, செங்கச்சூளை ஆளுங்க, மஞ்சள் வேக வெக்கறவங்க. ஆஸ்பத்திரிச் சீட்டுல 'காரணம் அறியப்படவில்லை'ன்னு எழுதியிருக்குது. டயாலிசிஸ் எடுக்கற குடும்பங்க சேந்து சங்கம் பதிஞ்சாச்சு. எம்.பி. ஆபீசுல அடுத்த மாசம் பத்து நிமிஷம் நேரம் குடுத்திருக்காங்க.

கையில இருக்கற மனுவுல பதினாலு கோரிக்கை இருக்குதுங்க. மெஷின், பஸ் பாஸ், உதவித்தொகை, சாயத்தண்ணி, குடிதண்ணி, ஆராய்ச்சி மையம், இன்னும் என்னென்னமோ. இதுல எதை வெக்கோணும், எதைத் தூக்கோணும்? ஆராய்ச்சிக்குன்னு கேட்டா எந்தக் கணக்குல இருந்து காசு வரும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

சென்னிமலைத்தறி
திங்கள், இரவு 9:15

ஏனுங்க, ஆராய்ச்சின்னு கேட்டா ரிப்போர்ட்டு வரும், அது அலமாரியில தூங்கும். மெஷின் கேட்டா மெஷின் வரும். வாரம் மூணு நாள், ஒரு தடவைக்கு நாலு மணி நேரம் படுக்கற மனுசனுக்கு 'பரவல் வீதம்' எதுக்குங்க? பதினாலையும் அடிச்சுப்போட்டு ஒண்ணே ஒண்ணு எழுதுங்க: தாலூகா ஆஸ்பத்திரிக்குப் பத்து மெஷின்.

---

ஒப்புகைச்சீட்டு
திங்கள், இரவு 10:02

ரெண்டையும் கேக்கலாம். ஒரே தாள்ல கேக்கக் கூடாது, அவ்வளவுதான். ஏன்னா ரெண்டு காசும் ரெண்டு பெட்டியில இருக்குது, சாவி ரெண்டு பேர்கிட்ட.

எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி வருசத்துக்கு 5 கோடி. அது நிலைச்சொத்துக்கான காசு. அரசு ஆஸ்பத்திரிக்கு மெஷின் வாங்கலாம், கட்டடம் கட்டலாம். சம்பளம், ரத்தப் பரிசோதனைக் கிட், மாசா மாசம் ஆகற செலவு எதுக்கும் தொட முடியாது. ஆராய்ச்சிங்கறது முக்காவாசி சம்பளமும் கிட்டும்தான். எம்.எல்.ஏ. தொகுதி நிதி 3 கோடி, அதுவும் இதே கதை. அதனால 'உங்க நிதியில இருந்து ஆராய்ச்சிக்கு ஒதுக்குங்க'ன்னு எழுதினீங்கன்னா, 'விதிமுறையில் இடமில்லை'ன்னு ஒரு வரியில முடிச்சு, உங்க தாளை ஃபைல்ல கட்டிருவாங்க. தப்பு அவங்க மேல இல்லை.

பிரதமர் நிவாரண நிதிக்கு எம்.பி. குடுக்கற கடுதாசி வேற சமாச்சாரம். அது ஒத்தை ஆளோட வைத்தியச் செலவுக்கு. எம்.பி. ஆபீசுக்கு வர்ற ஆஸ்பத்திரிக் கடுதாசில பெரும்பாலும் இதுதான். நீங்க சிறுநீரகம்னு வாயைத் திறந்ததும் உதவியாளர் அந்த ஃபாரத்தைத்தான் எடுத்து நீட்டுவார். 'இது தனி ஆள் உதவி இல்லைங்க, டெல்லியில கேள்வி கேக்கற விசயம்'னு முதல் வாக்கியத்துலயே சொல்லிருங்க.

ஆராய்ச்சிக் காசு இருக்கற இடம் மத்திய சுகாதார அமைச்சகத்துக்குள்ள சுகாதார ஆராய்ச்சித் துறை, டி.ஹெச்.ஆர்.னு சொல்றது. 2007ல உண்டாச்சு. ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், இதுக்குக் கீழ. 2025-26 பட்ஜெட்ல இந்தத் துறைக்கு 3,900 கோடி சொச்சம். பக்கத்துல இருக்கற சுகாதார, குடும்பநலத் துறைக்கு 95,957 கோடி. ரெண்டையும் கூட்டினா நூறு ரூபாய்ல ஆராய்ச்சிக்கு நாலு ரூபாய்க்கும் சித்தே குறைச்சல். உங்க மனு அந்த நாலு ரூபாயைப் பாத்துப் போகோணும்.

---

சென்னிமலைத்தறி
திங்கள், இரவு 10:20

நாலு ரூபாயை இந்தியா பூரா பிரிச்சா அந்தியூருக்கு என்ன வருமுங்க, நாலு பைசாவா? நான் சொன்னது மாறலை. மெஷின்.

---

கம்மங்கூழ்
செவ்வாய், காலை 6:10

மெஷின் கணக்கையே போட்டுப் பாத்தரலாம். ஒரு மெஷின், நாளைக்கு மூணு ஷிப்ட், வாரம் ஆறு நாள்னா 18 தடவை. ஆளுக்கு வாரம் மூணு தடவைன்னா ஆறு பேர். பத்து மெஷின், அறுவது பேர். அறுபத்தொண்ணாவது ஆள் எப்ப வருவார்? எந்த ஊர்ல இருந்து வருவார்? யாருக்குமே தெரியாது. பத்தா, நாப்பதான்னு மெஷின் எண்ணிக்கையைக் கேக்கறதுக்கே தலைக்கணக்கு வேணும். அந்தத் தலைக்கணக்குதான் இங்க ஆராய்ச்சி. பெரிய கண்ணாடிக் கட்டடம் இல்லை.

இன்னொண்ணு. ஒரு தடவை டயாலிசிஸ்க்கு நிமிசத்துக்கு 500 மில்லி வீதம் நாலு மணி நேரத்துல 120 லிட்டர் சுத்திகரிச்ச தண்ணி மெஷின் வழியா ஓடும். ஆர்.ஓ. பிளான்ட் இல்லாம, டெக்னீசியன் பணியிடம் இல்லாம மெஷினை மட்டும் வாங்கி வெச்சா பிளாஸ்டிக் உறை பிரிக்காமயே கெடக்கும். மெஷின் கேக்கற மனுவுல 'மெஷின், ஆர்.ஓ., டெக்னீசியன் பணியிடம்' மூணையும் ஒரே மூச்சுல கேளுங்க. முதல் ரெண்டும் தொகுதி நிதியில வரும். மூணாவது மாநில அரசு. அது எம்.எல்.ஏ.வுக்குப் போகற தாள்.

ஆராய்ச்சிக்கு இப்ப எதைக் கேக்கறதுங்கறதை ராத்திரி எழுதறேன்.

---

நொய்யல்கரை
செவ்வாய், காலை 7:45

பதினாலுல சாயத்தண்ணியை மட்டும் எடுக்கக் கூடாது. காரணம் தெரியலைன்னு சொல்றதே ஏமாத்து வேலை. நொய்யல்ல என்ன ஓடுச்சு, ஒரத்துப்பாளையம் அணையில என்ன தேங்குச்சுன்னு ஊருக்கே தெரியும். சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டுச்சு. மனுவுல முதல் வரியே அதுவா இருக்கோணும்.

---

ஒப்புகைச்சீட்டு
செவ்வாய், காலை 8:30

உங்க கோவம் நாயமானது. ஆனா அந்த வரி இந்த மனுவைக் கொன்னுரும். எப்படின்னு சொல்றேன்.

சாயக்கழிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைச் சேர்ந்தது, சுற்றுச்சூழல் துறை. அந்த வார்த்தை முதல் வரியில இருந்தாப் போதும், சுகாதார அமைச்சகம் 'உரிய துறைக்கு அனுப்பப்பட்டது'ன்னு திருப்பிருவாங்க. அப்பறம், நீதிமன்றத்துல இருக்கற விசயம்னா சட்டமன்ற மனுக்கள் குழு கையிலயே வாங்காது. அதைவிடப் பெருசு: காரணத்தை நீங்களே எழுதிட்டா, 'தெரிஞ்ச காரணத்துக்கு ஆய்வு எதுக்கு?'ன்னு அதிகாரி கேப்பார். எதுத்தாப்புல இருக்கற வக்கீலோ, 'முடிவைக் கையில வெச்சுட்டு நடத்தின ஆய்வு'ன்னு பின்னால சொல்லுவார். 'நிலத்தடி நீர், வெப்பம், பூச்சிமருந்து, வலி மாத்திரை உள்ளிட்ட காரணிகளை ஆராய' அப்படின்னு எழுதுங்க. நிலத்தடி நீர்ங்கறதுல நீங்க சொல்றது அடங்கிருது.

---

நொய்யல்கரை
செவ்வாய், காலை 8:52

நெம்ப சாமர்த்தியமா எழுதச் சொல்றீங்க. சரி. தண்ணி மாதிரி எடுத்துச் சோதிக்கறது ஆய்வுக்குள்ள கண்டிப்பா இருக்கோணும்னு ஒரு வரி சேருங்க. அதை விட்டுக்குடுக்க மாட்டேன்.

---

கம்மங்கூழ்
செவ்வாய், இரவு 9:30

அந்த வரி இருக்கட்டும், சரியான வரிதான். பவானி பக்கத்து ஆளுங்க நொய்யல் தண்ணி குடிக்கறதில்லைங்கறதையும் நெனப்புல வெச்சுக்குங்க. ஊருக்கு ஊரு கெணத்துத் தண்ணி வேற வேற. அதனாலதான் ஊர் வாரியா எண்ணோணும்.

இப்ப கேக்க வேண்டிய ஆய்வு. முதல் கேள்வி 'எதனால?' இல்லை, 'எத்தனை பேர், எந்த ஊர், என்ன வேலை?' தமிழ்நாட்டுல இதுக்கு முன்மாதிரி இருக்குது. சென்னை மருத்துவக் கல்லூரி சிறுநீரகத் துறைக்காரங்க பல மாவட்டங்கள்ல 3,350 விவசாயத் தொழிலாளர்களைச் சோதிச்சாங்க. நூத்துக்கு அஞ்சு பேருக்குக் கொஞ்சம் மேல நாட்பட்ட சிறுநீரக நோய். அதுல ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வழக்கமான காரணம் எதுவும் இல்லை. அது மாநிலத்துக்கான படம். உங்க மூணு தாலூகாவுக்கு அதுல இருந்து எண்ணிக்கை எடுக்க முடியாது. மனுவுல 'மாநில அளவில் இருக்கிறது, வட்ட அளவில் இல்லை'ன்னு சொல்லலாம். இடைவெளியைக் காட்டற ஒரு வரி, பத்துப் பக்கம் கண்ணீருக்குச் சமம்.

எத்தனை பேரைச் சோதிக்கோணும்? நோய் நூத்துக்கு அஞ்சு இருக்கும்னு வெச்சுட்டு, ஒரு சதவீதம் இப்படி அப்படிப் பிழையோட கண்டுபிடிக்கறதுக்குச் சுமார் 1,825 பேர். ஆனா ஊர் ஊராத் தொகுப்பா எடுக்கறோம். ஒரே ஊர்க்காரங்க ஒரே தண்ணி, ஒரே வேலை. அதுக்காக ரெட்டிப்பாக்கினா 3,650. பத்துல ஒருத்தர் வர மாட்டார். ஆக 68 ஊர், ஊருக்கு 60 பேர், 4,080. ஆளுக்குப் பரிசோதனை, வண்டி, ஆள்கூலி எல்லாம் சேத்து ரெண்டு சுற்றுக்கும் ரெண்டாயிரம்னே வெச்சாலும் 82 லட்சத்துக்குள்ள. ஐ.சி.எம்.ஆர். வெளிநிறுவனங்களுக்குக் குடுக்கற சிறு மானியத்தோட உச்சவரம்பே 2 கோடி. அதுக்குள்ள நிக்குது. 'ஆராய்ச்சி மையம் அமைத்துத் தருக'ன்னு கேட்டா நூறு கோடிக் கனவு. இது ஐ.சி.எம்.ஆர். விண்ணப்பம் கேட்டு விடற அடுத்த அழைப்புலயே போடற அளவு.

ரெண்டு சுற்றுன்னு ஏன் சொன்னேன்னா, ஒரு தடவை கிரியாட்டினின் ஏறியிருந்தா அது நாட்பட்ட நோய் ஆகாது. ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டற வேகம்) 60க்குக் கீழ இருக்கறது மூணு மாசம் கழிச்சும் அப்படியே இருக்கோணும். வெயில்ல எட்டு மணி நேரம் கரும்பு வெட்டி, தண்ணி குடிக்காம வந்தவருக்குச் சாயங்காலம் ரத்தம் எடுத்தா யாருக்கு வேணும்னாலும் ஏறியிருக்கலாம். இதுல கோட்டை விட்டா எண்ணிக்கை ரெண்டு மடங்கு பெருத்து, பின்னால ஒருத்தர் சரியாச் செஞ்சு 'பொய்'ன்னு நிரூபிச்சுருவார். ரத்தம் எடுக்க வேண்டியது காலையில அஞ்சரைல இருந்து ஏழரைக்குள்ள, வேலைக்குக் கெளம்பறதுக்கு முன்னால. ஆம்பளைங்க வீட்ல இருக்கற நேரமும் அதுதான். திங்கக்கிழமை காலையில வேண்டாம்: ஞாயித்துக்கிழமை ராத்திரி கறி தின்னிருப்பாங்க, கறி தின்னா கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். செவ்வாயில இருந்து வெள்ளி வரைக்கும் வெச்சுக்குங்க. ரத்தத்தை ரெண்டு மணி நேரத்துக்குள்ள சுழற்சி மெஷின்ல சுத்தி, சீரம் (மேல தெளியற நீர்) பிரிச்சு, ஐஸ் பெட்டியில போடோணும்; ஜீப்பு டேஷ்போர்டுல வெச்சுட்டு வரக் கூடாது.

செங்கச்சூளை ஆளுங்க சீசன் முடிஞ்சதும் ஊருக்குப் போயிருவாங்க. முதல் சுற்று பிப்ரவரி, ரெண்டாவது மே. ஜூன்ல தொடங்கினா ரெண்டாம் சுற்றுக்கு ஆளே இருக்காது.

---

அமராவதிப்பாசனம்
செவ்வாய், இரவு 10:11

ஒரு சந்தேகமுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒண்ணுக்குல பட்டை நனைச்சுப் பாக்கறாங்க, 2023ல இருந்தே நடக்குது. அந்தக் கணக்கையே வாங்கிக்கலாமல்ல? புதுசா எதுக்கு 82 லட்சம்?

---

கம்மங்கூழ்
செவ்வாய், இரவு 10:35

நல்ல கேள்வி, அதிகாரியும் இதையேதான் கேப்பார், பதிலைத் தயாரா வெச்சுக்குங்க. அந்தப் பட்டை சிறுநீர்ல புரதம் போகுதான்னு காட்டும். சர்க்கரையால வர்ற சிறுநீரக நோய்ல புரதம் நெறையப் போகும், பட்டை பிடிச்சுரும். காரணம் தெரியாத இந்த வகையில பாதிப்பு பெரும்பாலும் வடிகட்டியில இல்லை, அதுக்குப் பின்னால இருக்கற நுண்குழாய்லயும் அதைச் சுத்தின திசுவுலயும். புரதம் போகறதே இல்லை, இல்லைன்னா சொட்டு போகும். பட்டை நிறம் மாறாம இருக்கும், ஆளுக்குப் பாதி சிறுநீரகம் போயிருக்கும். அதனால ரத்த கிரியாட்டினின் பாக்காம இதை எண்ண முடியாது.

அதுக்காக அந்தத் திட்டத்தைக் கொறை சொல்லாதீங்க. 'ஏற்கெனவே இருக்கிற பரிசோதனையோடு, வெயிலில் உழைப்பவர்களுக்கு மட்டும் கிரியாட்டினின் சேர்க்கவும்'னு எம்.எல்.ஏ. மனுவுல ஒரு கோரிக்கையா வெக்கலாம். இருக்கறதோட ஒண்ணு சேக்கச் சொன்னா அரசாங்கம் சீக்கிரம் தலையாட்டும்.

---

கீழ்பவானி_மேட்டாங்காடு
புதன், காலை 6:50

நெம்ப நன்றிங்க எல்லாருக்கும். இப்ப எம்.பி. கையில என்ன இருக்குது? அவர் நெனச்சா ஐ.சி.எம்.ஆர்.கிட்டச் சொல்லி இந்த 82 லட்சத்தைக் குடுக்க வெக்க முடியுமுங்களா?

---

ஒப்புகைச்சீட்டு
புதன், மதியம் 1:20

முடியாது, கேக்கவும் கூடாது. ஐ.சி.எம்.ஆர். மானியம் நிபுணர் குழு பாத்துக் குடுக்கறது. 'இன்ன டாக்டருக்குக் குடுங்க'ன்னு எம்.பி. கடுதாசி போச்சுன்னா அந்த டாக்டருக்குத்தான் கெட்ட பேரு. எம்.பி. செய்ய முடியறது வேற: இந்த நோய்க்கு விண்ணப்பம் கோரி அழைப்பு விடச் சொல்றது, எவ்வளவு செலவாச்சுன்னு கணக்கு கேக்கறது, நாடாளுமன்ற நிலைக்குழுவுல பேசறது.

கேள்விதான் முதல். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அவையில வாய்மொழியாப் பதில். மக்களவையில ஒரு நாளைக்கு 20 பட்டியல்ல வரும், நாலஞ்சுதான் பேச்சுக்கு எட்டும். குறியிடாதது ஒரு நாளைக்கு 230, எழுத்துல பதில். பெருமை வேணும்னா நட்சத்திரம். உங்களுக்கு வேண்டியது அட்டவணை. குறியிடாத கேள்வியே மேல். மக்களவையில சுகாதார அமைச்சகத்துக்குக் கிழமை வெள்ளி, மாநிலங்களவையில செவ்வாய். குறைஞ்சது 15 முழு நாள் முன்னால நோட்டீஸ் போய்ச் சேரோணும். குளிர்காலக் கூட்டத்தொடர் பெரும்பாலும் நவம்பர் கடைசியில தொடங்கும். ஆக நவம்பர் முதல் வாரத்துக்குள்ள கேள்வி வாசகம் உதவியாளர் கையில இருக்கோணும். குலுக்கல்லதான் தேறும், அதனால ரெண்டு மூணு எம்.பி.கிட்டக் குடுங்க. ஈரோடு, திருப்பூர், நாமக்கல், சேலம், எல்லாப் பக்கமும் இதே நோயாளிங்கதான். தமிழ்நாட்டுல இருந்து மாநிலங்களவைக்கு 18 பேர் இருக்காங்க, அவங்களை மறந்தர வேண்டாம்.

வாசகம் 150 வார்த்தைக்குள்ள. 'அந்தியூர் ஆஸ்பத்திரியில ஏன் மெஷின் இல்லை?'ன்னு கேட்டா தள்ளுபடி, இல்லைன்னா 'சுகாதாரம் மாநிலப் பட்டியல்'னு ஒரு வரிப் பதில். மத்திய அரசு பொறுப்பு ஏத்துக்க வேண்டிய ஒண்ணைக் கேக்கோணும். இப்படி:

(அ) காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் குறித்து ஐ.சி.எம்.ஆர். தமிழ்நாட்டில் ஆய்வு எதையும் நடத்தியுள்ளதா, நிதி அளித்துள்ளதா;
(ஆ) ஆமெனில், கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒதுக்கிய, செலவிட்ட தொகை மாநில வாரியாக, ஆண்டு வாரியாக;
(இ) வெப்பத்தில் உழைக்கும் தொழிலாளரிடையே இந்நோய்ப் பரவலைக் கண்டறிய ஆய்வு விண்ணப்பங்கள் கோரும் எண்ணம் உண்டா, ஆமெனில், எப்போது?

'ஏன்', 'நியாயமா' இதெல்லாம் வரக் கூடாது. கருத்து கேக்கற கேள்வி நிக்காது. (ஆ)வுக்குத் தமிழ்நாடு பூஜ்யம்னு பதில் வந்தா அதுவே உங்க அடுத்த மனுவோட முதல் இணைப்பு. 'தகவல் திரட்டப்படுகிறது'ன்னு வந்தா விட்டுராதீங்க. அது அமைச்சர் அவைக்குக் குடுத்த உறுதிமொழிக் கணக்குல சேரும், மூணு மாசத்துக்குள்ள நிறைவேத்தோணும்; அதைத் துரத்தறதுக்குன்னே ஒரு குழு இருக்குது.

கேள்வி குலுக்கல்ல தேறலைன்னா மக்களவை விதி 377ன் கீழ அவையில வாசிக்கலாம், 250 வார்த்தைக்குள்ள. கூட்டத்தொடர் இல்லாத நாள்ல அமைச்சருக்கு எம்.பி. கடுதாசி. எம்.பி. கடுதாசிக்குப் பதினஞ்சு நாள்ல ஒப்புகை, அடுத்த பதினஞ்சு நாள்ல பதில்னு மத்திய அலுவலக நடைமுறையில இருக்குது. நகல் வாங்காம வராதீங்க. நகல் இல்லாத கடுதாசியைத் துரத்த முடியாது.

பட்ஜெட்டுக்கு வர்றேன். பிப்ரவரி 1ல படிக்கறதுக்கு அக்டோபர்லயே கணக்கு கூட்ட ஆரம்பிச்சுருவாங்க. ஜனவரியில மனுக் குடுக்கறது கல்யாணம் முடிஞ்சு மொய் வெக்கறமாதிரி. பட்ஜெட் வந்தப்பறம், கூட்டத்தொடரோட ரெண்டு கட்டத்துக்கு நடுவுல இருக்கற இடைவேளையில சுகாதார நிலைக்குழு மானியக் கோரிக்கையை (துறை கேக்கற காசுக் கணக்கை) வரி வரியாப் பாக்கும். மக்களவையில 21, மாநிலங்களவையில 10, மொத்தம் 31 பேர். அதுல தமிழ்நாட்டுக்காரர் யாருன்னு பாத்து அவருக்கும் ஒரு பக்கம் அனுப்புங்க. ஒதுக்கினதுல செலவாகாம திரும்பின காசு எவ்வளவுன்னு அந்தக் குழு கேக்கும். அங்கதான் புதுசுக்கு இடம் பொறக்கும்.

---

மாங்கல்மேடு
புதன், மாலை 5:05

எல்லாஞ் சரி, விண்ணப்பம் போடறது யாருங்க? சங்கம் நேரா ஐ.சி.எம்.ஆர்.க்குப் போட முடியாது. நிரந்தரப் பணியில இருக்கற ஆய்வாளர், அவரோட நிறுவனம், அந்த நிறுவனத்தோட நெறிமுறைக் குழு ஒப்புதல், மூணும் வேணும். அழைப்பு வந்தா விண்ணப்பிக்கறதுக்குச் சில வாரம்தான் நேரம் இருக்கும். மதகு தொறந்து தண்ணி விட்டப்பறம் வாய்க்கா வெட்டினா கடைமடைக்கு எப்படிப் போகும்?

எம்.பி.யைப் பாக்கறதுக்கு முன்னால பெருந்துறை, கோவை, சேலம் அரசு மருத்துவக் கல்லூரிகள்ல சமூக மருத்துவத் துறையைப் பாருங்க. சிறுநீரக டாக்டர்கிட்ட மட்டும் போயிட்டு வந்தரக் கூடாது, அவருக்கு ஓ.பி. பாக்கவே நேரம் இருக்காது, ஊர் ஊராக் கணக்கெடுக்கறது சமூக மருத்துவத் துறை வேலை. டி.ஹெச்.ஆர். காசுல பல அரசுக் கல்லூரிகள்ல பல்துறை ஆராய்ச்சிப் பிரிவு இருக்குது, ஆய்வகமும் விஞ்ஞானியும் இருப்பாங்க. அவங்களுக்குச் சங்கம் குடுக்க முடிஞ்சது காசு இல்லை: 68 ஊர்லயும் விடிகாலையில கதவைத் தட்ட ஒரு தெரிஞ்ச முகம். ஆய்வு தோக்கறது பெரும்பாலும் அங்கதான்.

---

ரசீது_பத்துரூவா
புதன், இரவு 8:18

மனுவுல எண் இல்லாம போகாதீங்க. தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய், 30 நாள். முதல்வர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல டயாலிசிஸ் எடுத்தவங்க எண்ணிக்கையைக் கேளுங்க. வாசகம்: 'பவானி, அந்தியூர், கோபிசெட்டிபாளையம் வட்டங்களைச் சேர்ந்த பயனாளிகளில் டயாலிசிஸ் சிகிச்சை பெற்றோர் எண்ணிக்கை, கடந்த ஐந்து நிதியாண்டு, ஆண்டு வாரியாக, ஆண்/பெண், 45 வயதுக்குக் கீழ்/மேல்.' பேர், அட்டை நம்பர் கேட்டா 8(1)(ஜெ), தனிநபர் விவரம்னு சொல்லி மொத்தத்தையும் மறுத்துருவாங்க. 'ஏன்'னு கேட்டா அது தகவலே இல்லைம்பாங்க. தப்பான ஆபீசுக்குப் போட்டாலும் 6(3)ன் கீழ அஞ்சு நாள்ல அவங்களே மாத்தி அனுப்போணும். பதில் வரலைன்னா 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு. இன்னைக்கே போட்டாத்தான் நவம்பருக்குக் கையில இருக்கும்.

அப்பறம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வர்ற அக்டோபர் 2ல பத்து ஊராட்சியில ஒரே வாசகத்துல தீர்மானம் போடுங்க. 'எங்கள் ஊராட்சியில் சிறுநீரக நோய்ப் பரவலைக் கண்டறிய ரத்தப் பரிசோதனை முகாமும் குடிநீர் மாதிரிச் சோதனையும் நடத்த வேண்டும்.' அவ்வளவு போதும். தீர்மானப் புத்தகத்துல எழுதினதும் போட்டோ எடுத்துட்டு, சான்றொப்பமிட்ட நகல் கேளுங்க. 'அப்பறம் எழுதிக்கறேன்'னு செயலர் சொன்னா எந்திரிக்காதீங்க.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசு குறைதீர் நாள் மனுவுல ஆராய்ச்சி கேக்காதீங்க. அங்க அந்தக் காசு இல்லை. குடிநீர்ச் சோதனையை அங்க கேளுங்க, அது நடக்கும்.

---

நொய்யல்கரை
புதன், இரவு 8:40

குடிநீர் வாசகத்துக்கு நன்றிங்க தம்பி.

---

சென்னிமலைத்தறி
வியாழன், காலை 7:30

சரி, மெஷின் மனு தனி, இது தனின்னா நான் ஒத்துக்கறேன். ஆனா கேக்கறேன், நோயாளிங்க கேட்டு ஆராய்ச்சி நடந்ததா ஒரு எடம் காட்டுங்க பாக்கலாம்.

---

மாங்கல்மேடு
வியாழன், காலை 9:12

ரெண்டு இருக்குது. நிகராகுவாவுல சிச்சிகல்பான்னு கரும்பாலை ஊர். அங்க சிறுநீரகம் போன தொழிலாளர்களும் குடும்பங்களும் சங்கம் வெச்சாங்க. அந்த ஆலைக்குக் கடன் குடுத்திருந்தது உலக வங்கிக் குழுமத்தோட ஐ.எஃப்.சி. அதோட குறைதீர் அலுவலகத்துக்கு 2008ல புகார் குடுத்தாங்க. பேச்சுவார்த்தையில ஆலையும் சங்கமும் ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட ஆய்வாளரா பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்காரங்க வந்தாங்க. ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்ட ஆளுங்கறதால முடிவை 'ஒருபக்கச் சாய்வு'ன்னு தள்ள முடியலை. சாயத்தண்ணி விசயத்துலயும் இது மனசுல இருக்கட்டும்.

இன்னொண்ணு பக்கத்துலயே, ஆந்திராவுல ஸ்ரீகாகுளம் மாவட்டம் உத்தானம். வருசக்கணக்கா அங்க இது தேர்தல் பேச்சாவே இருந்துச்சு. பலாசாவுல சிறுநீரக ஆராய்ச்சி மையமும் 200 படுக்கை ஆஸ்பத்திரியும் 2023 டிசம்பர்ல திறந்தாங்க. காரணம் இதுதான்னு ஒத்தை விரல் நீட்டி இன்னும் அங்க சொல்ல முடியலைங்கறதையும் சொல்லிரோணும். ஆனா எந்த மண்டலத்துல எத்தனை பேருங்கறது தெரியும், குடிதண்ணிக் குழாய் வந்துச்சு. இங்க அதுகூட இல்லை.

---

சென்னிமலைத்தறி
வியாழன், காலை 9:40

ம். சரிங்க.

---

கீழ்பவானி_மேட்டாங்காடு
வெள்ளி, இரவு 9:05

பதினாலைப் பிரிச்சாச்சுங்க. எம்.பி.க்கு ஒரு பக்கம், ஆராய்ச்சி மட்டும். எம்.எல்.ஏ.க்கு ஒரு பக்கம், கிரியாட்டினின் சேர்ப்பும் டெக்னீசியன் பணியிடமும். மெஷின், ஆர்.ஓ. தொகுதி நிதிக்குத் தனிக் கடுதாசி. சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கும் ஒண்ணு. எம்.பி. மனுவோட நடுப்பகுதி:

"பவானி, அந்தியூர், கோபிசெட்டிபாளையம் வட்டங்களில் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாத உழைக்கும் வயதினரிடம் நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படுகிறது. மாநில அளவிலான ஆய்வு உள்ளது. வட்ட அளவில் எண்ணிக்கை இல்லை. வெப்பம், நிலத்தடி நீர், பூச்சிமருந்து, வலி மாத்திரை உள்ளிட்ட காரணிகளையும் குடிநீர் மாதிரிகளையும் உள்ளடக்கிய பரவல் ஆய்வுக்கு ஐ.சி.எம்.ஆர். விண்ணப்பங்கள் கோர வேண்டும் எனத் தாங்கள் அவையில் கேள்வி எழுப்புமாறு வேண்டுகிறோம். கேள்வி வாசகம் இணைப்பு 1. கிராம சபைத் தீர்மான நகல்கள் இணைப்பு 2. பாதிக்கப்பட்டோர் பெயர்ப் பட்டியல் இணைப்பு 3."

இந்த மனுவோட ஒரு பிரதியையே மனுக்கள் குழுவுக்கும் போட்டர்லாமுங்களா?

---

ஒப்புகைச்சீட்டு
வெள்ளி, இரவு 9:50

இதையே போடக் கூடாது. மனுக்கள் குழுவுக்கு எம்.எல்.ஏ. தாள்ல இருந்து ஒண்ணை மட்டும் எடுங்க. ஒரு மனுவுல ஒரே பிரச்சினை, ஒரே துறை, தமிழ்ல, அஞ்சு பிரதி. பொதுப் பிரச்சினையா இருக்கோணும். வேலை வேணும், உதவித்தொகை வேணும்னா எடுக்க மாட்டாங்க. கிரியாட்டினின் சேர்ப்பு அதுக்குப் பொருத்தம்.

எம்.பி. மனுவைத் தமிழ்லயும் ஆங்கிலத்துலயும் தனித்தனித் தாள்ல எடுங்க. கேள்வி வாசகம் ஆங்கிலத்துல கண்டிப்பா. உதவியாளர் மொழிபெயர்க்க உக்காந்தா அங்கயே ஒரு வாரம் போயிரும். நாலு பேருக்கு மேல உள்ள போகாதீங்க, பேசறது ஒருத்தர். பத்து நிமிஷம்னா ஆறு நிமிஷம்தான் கெடைக்கும். வெளிய வர்றப்ப உங்க பிரதியில ஆபீசு முத்திரை, தேதி, கையெழுத்து.

---

ரசீது_பத்துரூவா
வெள்ளி, இரவு 10:04

இணைப்பு 3ஐத் தூக்கிருங்க. மனு எத்தனை மேசைக்குப் போகும்னு யாருக்கும் தெரியாது. பேர், வயசு, நோய், ஆதார் நம்பர் எல்லாத்தோடயும் பட்டியல் வெளிய போச்சுன்னா, பொண்ணு பாக்க வர்றவங்க வரைக்கும் போயிரும். ஊர் பேர், எண்ணிக்கை, ரெண்டே பத்தி போதும். அஞ்சு பேருக்குக் கொறவா இருக்கற ஊரைப் பக்கத்து ஊரோட சேத்துருங்க, இல்லைன்னா யாருன்னு சொல்லாமயே தெரிஞ்சுரும்.

---

கீழ்பவானி_மேட்டாங்காடு
வெள்ளி, இரவு 10:30

தூக்கியாச்சுங்க. ஊர் வாரி எண்ணிக்கையை இணைப்பு 3ன்னு போட்டிருக்கறேன். பெருந்துறைக்குத் திங்கக்கிழமை போறோம், தகவல் உரிமை மனு நாளைக்குத் தபால்ல.

---

கம்மங்கூழ்
சனி, காலை 6:02

ஊர் வாரி எண்ணிக்கைக்குக் கீழ ஒரு வரி சேருங்க: 'இது சங்கத்தில் பதிந்தவர்களின் எண்ணிக்கை மட்டும், நோய்ப் பரவல் அல்ல.' அது இல்லைன்னா உங்க சங்கம் எந்த ஊர்ல பலமோ அந்த ஊர்லதான் நோய் அதிகம்னு படிச்சுருவாங்க.